குருவிப் பலகை

என் தையல் கடைக்கு முதலில் குடிவந்தது நானா, மழைக்குருவிகளா என்று ஒரு வழக்கு உண்டு. வாடகை கொடுப்பவள் நான், ஆகவே கடை என்னுடையது என்பேன். அவற்றைக் கேட்டால் கதை வேறாக இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்து ராகலைக் கடைவீதியில் அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது. மெஷினை எங்கே போட்டால் வெளிச்சம் விழும் என்று அண்ணாந்து பார்த்தேன். சுவரும் கூரையும் சேரும் மூலையில் பாதிச் சிரட்டையை ஒட்டிவைத்தது போல ஒரு மண்கூடு. அதன் விளிம்புக்கு மேலாக ஒரு சின்னத் தலை என்னை முறைத்துக்கொண்டிருந்தது. முதுகு மினுங்கும் கருநீலம், தொண்டை செங்கல் நிறம். சிங்களத்தில் வெஹிலிஹினியா. நாங்கள் மழைக்குருவி என்போம். புத்தகங்களில் தகைவிலான் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு குருவியும் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வரிசைக் கடைகளுக்கெல்லாம் உரிமையாளர் ஒரே முதலாளி. சிங்களவர். என்னை நங்கி என்பார், தங்கச்சி மாதிரி. எங்களோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழ் வரும். "அது இருக்கட்டும் நங்கி. அது தங்குற கடையில யாவாரம் நல்லா போகும்" என்றார். அதிர்ஷ்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் அது வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அக்கா தேயிலைக் கொழுந்து பறித்து, என்னைத் தையல் படிக்க அனுப்பி, "நான் சேத்துல நிக்கிறேன், நீ டவுன்ல நில்லு" என்று சொல்லி ஏற்றிவிட்ட கடை அது. அதில் இன்னொரு குடும்பமும் பிழைப்பதில் எனக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வரிசைக்குப் பலகைக் கதவுகள்தான். ஒவ்வொரு பலகைக்கும் தாரால் இலக்கம் போட்டிருக்கும். மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் தள்ளிக் கடையை மூடுவோம். கடைசிப் பலகையின் தலையை மட்டும் ஒரு சாண் அறுத்திருப்பார்கள். மூடிய பிறகும் மேலே ஒரு சந்து இருக்கும், குருவி வந்துபோக. அதற்குக் குருவிப் பலகை என்றே பெயர். அதை அறுக்கச் சொல்லிச் சட்டம் ஏதும் இல்லை. சீனி நிறுக்கும்போது கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கும் பலசரக்குக் கடைக்காரர்கூடத் தன் பலகையை அறுத்துத்தான் வைத்திருந்தார்.

சேர்ந்து வாழ்வது சுகமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கல்யாணப் பிளவுஸின் நடு முதுகில் எச்சமிட்டபோது நான் பேசிய பேச்சை எழுத முடியாது. ஒரு பிஸ்கட் டின் மூடியைக் கம்பியில் கட்டிக் கூட்டுக்குக் கீழே தொங்கவிட்டேன். அன்றிலிருந்து சமாதானம். பக்கத்துச் சலூன் அண்ணனின் கூடு கண்ணாடிக்கு மேலே இருந்தது. சவரத்துக்குக் கழுத்தை நீட்டியவர்கள் எல்லாரும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கத்தி படாமல் இருக்க அது நல்ல வழி என்பார் அண்ணன்.

வெள்ளைக்கார உல்லாசப் பயணி ஒருவர், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் கிழிந்த பையைத் தைக்க வந்தவர், காட்டுப் பறவை ஏன் கடைக்குள் இருக்கிறது என்று கூட வந்த டிரைவரிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களைச் சுற்றி மலை முழுக்கப் பச்சைதான். ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்றால் என் பச்சைப் பெயின்ற் அலுமாரியும் காடுதான். தேயிலைச் செடியில் மழைக்குருவி கூடு கட்டாது. தேயிலை முடிகிற இடத்தில் மரக்கறித் தோட்டம், அங்கே கிழமைக்குக் கிழமை மருந்தடிப்பு. குகையும் பாறை இடுக்கும் தேடுகிற குருவிக்கு மிச்சமிருந்தது எங்கள் கடைவீதிதான். சுவர் உண்டு, கூரை உண்டு, பேக்கரியைச் சுற்றி ஈ உண்டு. டவுன் அவற்றுக்குச் சோறு போட வேண்டாம். ஒரு சாண் வழி விட்டால் போதும்.

அந்த ஒரு சாணுக்குத்தான் பிறகு வில்லங்கம் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைவீதிக்குப் புது மினுக்கம் வந்தது. ஆளாளுக்கு இரும்பு ரோலர் கதவு போட்டார்கள். எங்கள் வரிசையிலும் ஒரு கடையில் பலகையைக் கழற்றி உள்ளே புகுந்து யாரோ திருடிவிட்டார்கள். முதலாளி மறுவாரமே ஆளைக் கூட்டிவந்து அளவெடுத்தார். அப்போது பங்குனி. என் கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

நான் அவருடைய கடைக்குப் போனேன். "முதலாளி, ரோலர் போடுங்க. வேணாங்கல. குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுங்க. பெறகு மேல ஒரு சந்து விடுங்க."

"குஞ்சு பறக்கிற வரைக்கும் நிப்பேன். அது பாவம்" என்றார். "சந்து ஏலாது நங்கி. ஓட்டை வச்சுக் கதவு போடுறதுக்கு நான் என்ன மோடனா? கள்ளன் வருவான்."

"குருவி வர்ற வழியில கள்ளன் எப்படிங்க வருவான்?"

"அவன் எப்படியும் வருவான். உனக்குப் பிடிக்கலன்னா மெஷினைத் தூக்கிட்டு வேற எடம் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. பௌர்ணமிப் போயா நாளில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிற மனிதர். பயம் வந்தால் நல்லவர்களுக்கும் காது அடைத்துவிடும். பேசிப் பயனில்லை என்று கடைக்கு வந்தேன். குருவி சந்தில் நுழையும்போது சிறகை எவ்வளவு மடக்குகிறது என்று இரண்டு நாள் பார்த்தேன். நான் தையல்காரி. உடம்பைப் பார்த்தால் அளவு சொல்லுவேன். ஒரு சாண் தேவையே இல்லை, நாலு விரல் உயரம் போதும், அகலம் மட்டும் ஒரு முழம் வேண்டும் என்று கண்டுபிடித்தேன். தடித்த மட்டையில் அந்த அளவுக்கு ஒரு துளை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அன்று சந்தை நாள். முதலாளியின் கடை நிறைய ஆட்கள்.

"முதலாளி, இதுதான் சந்து. இதுக்குள்ள உங்க தலையை வுடுங்க."

பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து உண்மையாகவே தலையை வைத்துத் தள்ளினார். மூக்கு போனது, தலை போகவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவராக வந்து முயன்று பார்த்தார்கள். பீட்ரூட் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஒல்லியான ஆளின் தலைகூட நெற்றியோடு நின்றது. கடை முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விரலை நீட்டினார்.

"சரி, விடுறேன். ஆனா ஒண்ணு. இந்தச் சந்தால ஒரு துணி களவு போனாலும் நீ அறையைக் காலி பண்ணணும். பெறகு என்கிட்ட அழக் கூடாது."

"சரிங்க முதலாளி."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். அந்த அறை போனால் எனக்குத் திரும்பிப் போக இருப்பது லயத்தின் ஒற்றை அறைக் காம்பராதான். அதுவும் என்னுடையது இல்லை, அக்காவுடையதும் இல்லை, தோட்டத்துடையது. அவள் வேலைக்குப் போகும்வரை இருக்கலாம். நாங்கள் மூன்று தலைமுறையாக அடுத்தவன் சுவரில் குடியிருந்தவர்கள். அதனால்தானோ என்னவோ அந்தக் குருவிகளைக் கைவிட என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து மாலையில் கடை மூடும்போது, சந்துக்குள் யாரும் கம்பியை விட்டு இழுத்தாலும் எட்டாதபடி தைத்த துணி முழுவதையும் பின்சுவருக்கு மாற்றினேன்.

குஞ்சுகள் பறந்தன. கதவு வந்தது. ரோலர் சுருளுக்கு மேலே நாலு விரல் சந்து. அதைப் பார்த்துவிட்டுச் சலூன் அண்ணனும் பலசரக்குக் கடைக்காரரும் எங்களுக்கும் வேண்டும் என்று நின்றார்கள். அதிர்ஷ்டம் என் கடைக்கு மட்டும் போய்விடக் கூடாதே. எந்தக் காரணமானால் என்ன, வரிசை முழுக்கச் சந்து வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கதவோடு சேர்த்துச் சுவர்களையும் பூசினார்கள். கொத்துவேலை மேசன் பாஸ் கண்ணாடி மாதிரி வழவழவென்று பூசிக் கொடுத்தார். பழைய கூடுகள் எல்லாம் கொத்திய காரையோடு போயின. சலூன் அண்ணன் ஒரு படி மேலே போய், குருவி வருகிற இடம் கோயில் மாதிரி இருக்க வேண்டும் என்று கூரைக்கும் சுவருக்கும் வான நீலத்தில் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தார். மறுவருடம் குருவிகள் வந்தன. சந்தில் நுழைந்து, சுற்றிப் பார்த்து, அண்ணனின் நீலச் சுவரில் ஒரு பொட்டு மண்ணை வைத்தன. அது வழுக்கிக்கொண்டு கண்ணாடியில் விழுந்தது. மறுபடியும் வைத்தன, மறுபடியும் விழுந்தது. அண்ணன் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழாத குறையாக நின்றார்.

"பக்தியா அடிச்சேன் தங்கச்சி. இப்படி ஆயிருச்சே."

"சாமிக்குப் பட்டுத் துணி கட்டலாம்ண்ணே. குருவிக்குச் சொரசொரப்புத்தான் வேணும்" என்றேன்.

கழற்றிப் போட்ட பழைய பலகைகள் கொல்லைப்புறத்தில் கிடந்தன. என் குருவிப் பலகையைத் தேடி எடுத்து, மழையில் ஊறிச் சொரசொரத்த பக்கம் வெளியே தெரிய, பழைய கூடு இருந்த மூலையில் ஆணி அடித்தேன். குருவிகள் உடனே வந்து அதில் தொற்றின. இரவில் அங்கேயே தூங்கின. ஆனால் கட்டவில்லை. ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன். சந்து இருக்கிறது, பலகை இருக்கிறது, இன்னும் என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒருநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து மழைக்குருவிகள் தரையில் இறங்கின. குட்டைக் காலால் தத்தித் தத்திக் கொத்தின, பறந்தன, மறுபடி இறங்கின. தரை முழுக்கப் புதுக் கொங்கிறீட். முன்பு அந்த இடம் ஒரே சேறு. எத்தனை பேரின் செருப்பை விழுங்கிய சேறு! கழிவுநீர்க் கான்களும் திறந்து கிடந்தன, இப்போது சிலாப் போட்டு மூடியாகிவிட்டது. கொங்கிறீட் போட்ட அன்று டவுனே கைதட்டியது. நானும் தட்டினேன். கூட்டுக்கு மண் அங்கிருந்துதான் போயிற்று என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, மண்தானே என்று மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் வரிசைக்குப் பின்னால் பொதுக்குழாய் ஒன்று உண்டு. அதிலிருந்து வழியும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் அயன் பண்ணும் மேசை அளவுக்குக் கொத்தி, குழைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். குழாயடிக்கு வந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். "ஊரே சேத்த மூடுது. நீ ஒருத்தி சேறு வளக்குற" என்றார் சலூன் அண்ணன். அந்த மண்ணும் சரியில்லை. மணலும் கல்லுமாக இருந்தது. குருவிகள் எடுத்துப் பார்த்தன, பலகையில் வைத்தன, காய்ந்ததும் உதிர்ந்தது.

அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தேன். கடைக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள். ஞாயிறுதோறும் என்னைப் பார்க்க வருவாள். கையெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. வேலை நடந்துகொண்டிருந்த வீதி ஓரத்திலிருந்து கேட்டு வாங்கி, என் சேற்றுப் பாத்தியின் மேல் சல்லிக்கல்லைப் பரப்பி, காலால் மிதித்து இறுக்கியிருந்தாள்.

"பாரு, எப்படி இருக்கு! இனிமே ஒங்காலு நனையாது."

"என்னா அக்கா செஞ்சு வச்சிருக்க? யாரு ஒன்னைய இதைச் செய்யச் சொன்னா?" என்று கத்திவிட்டேன். குருவி, கூடு, மண் என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறியதோ இல்லையோ. அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"குருவிக்குச் சேறு வேணுமாமே!" என்றாள். "அம்மா இந்தச் சேத்துல வழுக்கித்தான இடுப்ப ஒடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் படுத்துக் கெடந்தா. விடியக்காலம் பேரு கொடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப முழங்கால் வரைக்கும் நான் மிதிக்கிறது பத்தாதா? ஒன்னையாவது சேத்துல இருந்து ஏத்திவுட்டேன்னு நெனச்சேன். நீ அதைத் தோண்டி எடுத்து வச்சுக் கும்புடுற."

அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. ஊற்றிவைத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். ஆனாலும் உட்கார்ந்து சல்லிக்கற்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அழுதுகொண்டே பொறுக்கினேன். அக்காவும் வேண்டும், குருவியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. பொறுக்கிய கல்லை வீணாக்கவும் இல்லை. குழாயடியில் பெண்கள் நிற்கிற இடத்தில் பரப்பி இறுக்கினேன். கால் வைக்கிற இடத்தில் கல், குருவி இறங்குகிற மூலையில் சேறு. இதைச் செய்த பிறகு குழாயடியில் முகச்சுளிப்பு நின்றது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். தோளில் ஒரு உரப்பை. வாசலில் பொத்தென்று போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் கல் பரப்பிய இடத்தில் நின்று பார்த்தாள், கல் இறுகியிருக்கிறதா என்று காலால் அழுத்தினாள்.

"இதை மொதல்லயே செஞ்சிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்" என்றாள். பிறகு பையை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான மண். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் அடுப்பு மெழுக எடுக்கும் மண். எங்கள் காம்பராவின் தரையும் அடுப்பும் அந்த மண்தான். அம்மா மெழுகியதும் அதுதான். அந்த வாசனை எனக்குத் தெரியும்.

"பறவைன்னாலும் வீடுன்னா வீடுதான. நல்ல மண்ணா இருக்கட்டும்" என்றாள்.

இரண்டு பேரும் முழங்காலில் இருந்து குழைத்தோம். அவள் கை என் கையைவிட வேகம். கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்க வந்த பெண்ணும் தாயும் கடையில் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டேன். பிற்பகலில் முதல் குருவி இறங்கியது. ஒரு வாய் எடுத்தது, பறந்தது. நாங்கள் எழுந்து முன்பக்கம் ஓடினோம். சந்தில் சிறகை மடக்கி நுழைந்து பலகையில் தொற்றி, அந்தப் பொட்டை வைத்து, தலையால் அழுத்தியது. விழவில்லை. இன்னொன்று வந்தது. அதன் பொட்டும் விழவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்து நசுக்கியதில் நீலம் பாய்ந்துவிட்டது.

கூடு முடிய நாளானது. ஒரு நாளைக்கு ஒரு வரிசைதான் வைத்தன. நேற்றையது காயாமல் இன்றையதைத் தொடவில்லை. எந்த மேசனிடமும் நான் பார்க்காத பொறுமை. அதற்குப் பிறகு எங்கள் கடைவீதியில் புதிதாக எந்தக் கட்டடம் எழும்பினாலும், மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நாலு விரல் உயரம், ஒரு முழம் அகலம், பக்கத்தில் சொரசொரப்பான ஒரு துண்டுப் பலகை. சிலர் விரட்டினார்கள். திரும்பத் திரும்பப் போனேன். இந்தக் கிழவி விடமாட்டாள் என்று சலிப்பில் சந்து விட்டவர்களும் உண்டு. அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சலிப்பில் விட்ட சந்திலும் குருவி நுழைந்தது. முதலாளியின் நிபந்தனை இன்றுவரை நிற்கிறது. ஒரு நூல்கண்டுகூடக் களவு போனதில்லை.

அந்த வருடம் குஞ்சு பொரித்த பிறகு வந்த ஒரு ஞாயிறு, அக்கா வழக்கம் போல வந்தாள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். லயத்தை விட்டு ஒரு சொந்த வீட்டில் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தனி வீடு தருகிறார்கள் என்று வந்த பேச்சையெல்லாம் நம்பி, ஒவ்வொரு முறையும் ஏமாந்தவள். கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்தியாடி. நம்ம லயத்து மண்ணு. நமக்கு முன்னாடி அது டவுன்ல வீடு கட்டிருச்சு."

நான் மெஷினை நிறுத்திவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைக்குத் தர என்னிடம் வீடு இல்லை, ஒரு அறையின் சாவிதான் இருந்தது. இன்னொரு சாவி வெட்டி அடுத்த வாரமே அவளுக்குக் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்தேன். கொடுத்தும் விட்டேன். அவளிடம் அன்று சொன்னது வேறு.

"அடுத்த ஞாயிறு இன்னொரு பை கொண்டாக்கா. சலூன் அண்ணன் பெயின்ற சொரண்டிட்டாரு. அவரு கடைக்கும் வேணுமாம்."